புள்ளி இல்லாத அம்மை

எமில்டாவைப் பற்றி ஒரே வார்த்தையில் சொல்லச் சொன்னால் அவசரக்காரி என்பேன். இரண்டு வார்த்தை கொடுத்தால் நல்ல அவசரக்காரி. அவள் வீட்டு மாடிக்கு நான் குடிவந்த அன்று, சாவி கொடுக்க வந்தவள் என் ரவிக்கையைப் பார்த்துவிட்டு, "டீச்சர், தோள்பட்டை இறங்கிக் கெடக்கு. கழத்தித் தாங்க, ஒரு நிமிசத்துல பிடிச்சுத் தாரேன்" என்று அங்கேயே கையை நீட்டினாள். பக்கத்தில் என் வீட்டுக்காரர் நிற்கிறார். அதெல்லாம் அவள் கண்ணில் படவே இல்லை.

தூத்துக்குடியில் எங்கள் தெருவைத் தாண்டினால் கடல். கருவாட்டு வாசனையும் துறைமுகத்து லாரிச் சத்தமும் அனுமதி கேட்காமலே வீட்டுக்குள் வரும். எமில்டாவின் புருஷன் பாஸ்கல் விசைப்படகு ஓட்டுகிறவர். அனிஷா என்று ஒன்பது வயது மகள், கிளைட்டன் என்று நாலு வயதில் ஒரு வாலு. எமில்டா தையல்காரி. ஊரில் நூறு தையல்காரி இருக்கலாம், ஆனால் புதுநன்மைக் கவுன் என்றால் எங்கள் தெருக்கோயிலில் எல்லோரும் தேடி வருவது அவளைத்தான்.

புதுநன்மை என்றால் கத்தோலிக்கப் பிள்ளைகள் முதல் தடவையாக நற்கருணை வாங்குகிற நாள். நான் சாத்தான்குளத்து சி.எஸ்.ஐ. சபைக்காரி, எங்களுக்கு இந்த வயதில் இவ்வளவு ஆர்ப்பாட்டம் கிடையாது. இங்கே அப்படியா? வெள்ளை கவுன், தலையில் வலை, பூமுடி, கையில் மெழுகுவர்த்தி, வீட்டில் பிரியாணி, தெருவெல்லாம் மைக் செட். ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கல்யாணமோ என்று வெளியூர்க்காரன் திகைத்துப் போவான். எத்தனையோ வருஷமாக ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் கவுன் தைத்தவளுக்கு இந்த மே மாதக் கடைசி ஞாயிறு சொந்த மகளின் புதுநன்மை. அந்தக் கவுனின் கழுத்தை மட்டும் மூன்று தடவை பிரித்துத் தைத்தாள்.

பிள்ளைகள் உயரப்படி இரண்டிரண்டு பேராகப் பீடத்துக்கு நடந்து போவார்கள். அனிஷாவுக்குச் சோடி எதிர் வீட்டு ஜெப்ஸி. இரண்டும் தவழ்ந்த காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டு திரிகிறவை. மாடிப்படியில் பீடத்துக்கு நடக்கிற ஒத்திகை வேறு. நான் துணி காயப்போடப் போனால்கூட, "டீச்சர், நீங்க ஃபாதரா நில்லுங்க" என்று பிடித்து நிறுத்திவிடும்.

ஏப்ரல் கடைசியில், மறைக்கல்வி வகுப்பில் ஒரு பையனுக்குச் சின்னம்மை போட்டது. எமில்டா மெஷினை நிறுத்திவிட்டு மேலே ஓடி வந்தாள்.

"டீச்சர், என் பிள்ளைக்கு வந்துட்டா என்ன செய்ய? வருசம் முழுக்கப் படிச்ச பிள்ளை. அன்னைக்குன்னு பாத்துப் படுத்துட்டா நான் தாங்க மாட்டேன்."

"ஊசி போட வேண்டியதுதானே?" என்றேன்.

"எல்லா ஊசியும் போட்டாச்சு. அட்டையில ஒரு கட்டம் பாக்கி கெடையாது. வேணும்னா எடுத்துட்டு வாரேன்."

சின்னம்மைக்கு அரசாங்க அட்டையில் கட்டமே கிடையாது, அதைத் தனியார் டாக்டரிடம்தான் போட்டுக்கொள்ள வேண்டும் என்று சொன்னேன். அவ்வளவு நேரம் அழுகைக்குத் தயாராக இருந்தவளுக்கு உடனே கோபம் வந்துவிட்டது. "ஏழு வருசமா என் தலைக்கு மேலதான இருக்கீய? இதை இன்னைக்குத்தான் சொல்லுதீயளா?" என்று என் மேலேயே பாய்ந்தாள். நான் என்ன, தினமும் காலையில் மாடியில் நின்று தடுப்பூசி அறிவிப்பு வாசிக்கவா முடியும்? சண்டை முடிவதற்குள் ஆட்டோவுக்குப் போன் போட்டுவிட்டாள்.

பாளை ரோட்டில் குழந்தை டாக்டர் சிவசுப்பிரமணியன். டாக்டர் இங்கிலீஷில் பேசிவிட்டால் என்ன செய்வது என்று என்னையும் ஆட்டோவில் ஏற்றினாள். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் பாஸ்கலும் சும்மாதான் இருந்தார், அவரும் ஏறிக்கொண்டார். டாக்டர் பாவம், எங்களைவிடச் சுத்தமான திருநெல்வேலித் தமிழ் பேசினார்.

"வீட்டுல மத்தவங்களுக்கெல்லாம் அம்மை வந்துட்டுப் போயிருக்கா?"

"எனக்கு ஆறாங்கிளாஸ்லயே வந்தாச்சு சார்" என்று எமில்டா நெற்றி வடுவைக் காட்டினாள்.

"எனக்கு வந்ததே இல்ல" என்றார் பாஸ்கல், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "உப்புத் தண்ணி உடம்பு. ஒண்ணும் அண்டாது."

"அப்ப நீங்களும் போட்டுக்கிடுங்க. பெரிய ஆளுகளுக்கு வந்தா ரொம்பப் படுத்தும். பிள்ளைகளுக்கு ரெண்டாவது ஊசி மூணு மாசம் கழிச்சு. உங்களுக்கு அடுத்த மாசமே."

பாஸ்கலின் முகம் வெளுத்துவிட்டது. புயலில் படகு ஓட்டுகிற மனிதர். அனிஷா பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக்கொண்டாள். கிளைட்டன் ஊசியைக் கண்கொட்டாமல் பார்த்துவிட்டு, "இன்னொண்ணு?" என்று மறு கையையும் நீட்டினான். அப்பாதான் கண்ணை இறுக மூடி, "செபஸ்தியாரே, செபஸ்தியாரே" என்று கொள்ளைநோய்க்குக் காவலான புனிதரைக் கூப்பிட்டு முணுமுணுத்தார். ஊசி போட்டு முடித்து நர்ஸ் பஞ்சு வைத்த பிறகும் கண்ணைத் திறக்கவில்லை. பிறகு லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"இது என்ன மருந்து சார்?"

"சின்னம்மைக் கிருமியேதான். வலுவக் கொறச்சு உள்ள விடுதோம். உடம்பு அதை அடையாளம் வச்சுக்கிடும். நாளைக்கு நெசக் கிருமி வந்தா வாசல்லயே வெரட்டிரும்."

"அப்ப இப்ப உள்ள போயிருக்கது அம்மைதானா?"

"ஒரு வகையில அப்படித்தான்னு வச்சுக்கிடுங்க" என்று டாக்டர் சிரித்தார். அவருக்கு பாஸ்கலைத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார்.

மறுநாள் காலையில் எமில்டா லேஸ் வாங்க பஜாருக்குப் போயிருந்தாள். நான் பால் வாங்கக் கீழே இறங்கினேன். வீட்டு நிலையில் கொத்துக் கொத்தாக வேப்பிலை தொங்குகிறது! பாஸ்கல் வாசலில் நாற்காலி போட்டு, குளித்து வேட்டி கட்டி, காவல்காரரைப் போல உட்கார்ந்திருந்தார். உள்ளே பிள்ளைகள் வேப்பிலை விரித்த பாயில் படுத்து ஆளுக்கொரு நுங்கு தின்றுகொண்டிருந்தன.

எங்கள் பக்கம் அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை கட்டுவார்கள். கோயில் எதுவானாலும் வேப்பிலை ஒன்றுதான். கட்டிவிட்டால் வெளியாள் உள்ளே வரக்கூடாது, தாளிக்கக் கூடாது, மீன் பொரிக்கக் கூடாது. அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் இலையை அவிழ்க்கலாம்.

"என்ன அண்ணாச்சி இது?" என்றேன்.

"டாக்டரே சொல்லிட்டாருல்லா டீச்சர், உள்ள விட்டது அம்மைதான்னு? நாமளே கூப்புட்டு வச்சிட்டு, மரியாதை செய்யாம இருந்தா நல்லாவா இருக்கும்?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்த மனிதருக்கு மீன் இல்லாமல் ஒரு வாய் இறங்காது. அவரே ரசமும் இல்லாத மோர்ச்சோற்றுக்குத் தயாராகிவிட்டார் என்றால் எவ்வளவு பக்தி பாருங்கள். ஆனால் எதிர் வீட்டு வாசலில் நின்ற பேபி அக்கா சிரிக்கவில்லை. அவள்தான் ஜெப்ஸியின் அம்மா. தெருவில் யாருக்கு அம்மை போட்டாலும் முறை சொல்லித் தண்ணீர் ஊற்றுவது அவள் கைதான். மகளை இழுத்து உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள்.

எமில்டா திரும்பி வந்து பார்த்தாள். லேஸ் பொட்டலம் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். "அட கிறுக்கு மனுசா! வேல இல்லன்னா போயி கிழிஞ்ச வலையைப் பொத்தலாம்லா? என் குடியையா கெடுக்கணும்?" என்று கத்திக்கொண்டே வேப்பிலையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏளா, கையை வைக்காத!" பேபி அக்கா சன்னல் வழியாக அலறினாள். "இறங்காத அம்மைக்கு இலையை எடுத்தா தெருவுக்கே ஆகாது!"

எமில்டா கேட்கவில்லை. பிய்த்துச் சாக்கடையில் எறிந்துவிட்டுத்தான் ஓய்ந்தாள். வந்தது வினை. கட்டியதைக்கூட ஊர் மன்னித்திருக்கும். எடுத்ததும், "அம்மையை மறைக்கா. கவுன் வித்துப் போகணும்னு பிள்ளை நோவை மறைக்கா" என்று பேச்சு கிளம்பிவிட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அளவு பார்க்க வர வேண்டிய பிள்ளை ஒன்றும் வரவில்லை. தைத்த கவுன்கள் கொடியில் அப்படியே தொங்கின.

இரண்டு நாளில் மறைக்கல்வி நடத்தும் சிஸ்டர் மெட்டில்டா வந்து, வாசலுக்கு வெளியே நின்றபடி பேசினார்.

"எமில்டா, எனக்குப் புரியுது. ஆனா அனிஷா வந்தா மத்த பிள்ளைகளை அனுப்ப மாட்டோம்னு அம்மாமாரெல்லாம் சொல்லுதாங்க. இந்த வருசம் விட்டுருவோம். அடுத்த வருசம் முதல் ஆளா நிறுத்துதேன்."

எமில்டா தலையை மட்டும் ஆட்டிவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்தாள். சிஸ்டர் போனதும் அனிஷா மெஷின் பக்கத்தில் வந்து நின்றாள். "அடுத்த வருசம் ஜெப்ஸி சோடிக்கு இருக்க மாட்டாளே, மம்மி" என்றாள். அழக்கூட இல்லை. சரி, படித்தவள் நான் எதற்கு இருக்கிறேன் என்று, நேரே பேபி அக்கா வீட்டுக்குப் போனேன். எட்டாம் வகுப்புக்கு நடத்துவதுபோலத் தடுப்பூசிப் பாடத்தை ஆரம்பத்திலிருந்து நடத்தினேன். கிருமி, வலு குறைத்த கிருமி, எதிர்ப்பு சக்தி, எல்லாம். அக்கா கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப கிருமியை உள்ள விட்டது உண்மைதான்னு நீங்களே ஒத்துக்கிடுதீய, டீச்சர்."

"ஆமா, ஆனா..."

"அதுக்கு மேல என்னத்த ஆனா?"

இருபது வருஷம் பாடம் நடத்தியவள் அந்த ஒரு கேள்வியில் தோற்று வீடு திரும்பினேன். நடந்ததை எமில்டாவிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே ஊசியில் நூல் கோர்த்தாள். பிறகு திடீரென்று எழுந்தாள்.

"முள்ளை முள்ளாலதான் எடுக்கணும் டீச்சர். முறை தெரியாம இலையை எடுத்ததுதான குத்தம்? முறைப்படியே இறக்கிட்டாப் போச்சு."

"வராத அம்மைக்குத் தண்ணி ஊத்தப் போறியா?"

"ஊர் வாயில வந்த அம்மைதான? ஊரைக் கூட்டியே ஊத்துதேன்."

நிலையில் மறுபடி வேப்பிலை கட்டினாள். பாஸ்கலுக்கு ஒரே சந்தோஷம், நான் அப்பவே சொன்னேன் பார் என்கிற முகத்தோடு மரத்தில் ஏறி இலை ஒடித்துக் கொடுத்தார். முறைப்படி எத்தனை நாள் உண்டோ அத்தனை நாளும் வீட்டில் தாளிப்பு இல்லை, மீன் இல்லை. மாடியில் நான் பொரித்த சீலா மீன் வாசனைக்கு அவர் முற்றத்தில் நின்று மூக்கைத் தூக்கியதை மட்டும் கண்டுகொள்ளாமல் விட்டேன். நாள் வந்ததும் எமில்டா பேபி அக்கா வீட்டு முன்னால் போய் நின்றாள்.

"அக்கா, நீங்கதான் வந்து ஊத்தணும். உங்க கையால ஊத்தினாத்தான் ஊர் நம்பும்."

கூப்பிட்டால் போகாமல் இருக்கக் கூடாது, அதுவும் முறைதான். அக்கா வந்தாள். அவள் பின்னால், வேலிக்கு வெளியே, மறைக்கல்வி அம்மாமார் அத்தனை பேரும் வந்தார்கள். வேடிக்கைக்குக் காசா பணமா? முற்றத்தில் அண்டா நிறையத் தண்ணீர், மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் சூடேறியிருந்தது. முதலில் அனிஷா. அக்கா செபஸ்தியாரை வேண்டிக்கொண்டு ஊற்றினாள். ஊற்றினவள் கை நின்றது. பிள்ளையின் கையைத் திருப்பிப் பார்த்தாள், முதுகைப் பார்த்தாள், காது மடலுக்குப் பின்னால் பார்த்தாள்.

"ஏளா, ஒரு வடு இல்லையே. ஒரு பொருக்கு இல்லையே!"

அடுத்து கிளைட்டன். அவன் மேலும் ஒன்றும் இல்லை. வேலிக்கு வெளியே நின்றவர்கள் வேலிக்கு உள்ளே வந்துவிட்டார்கள். மூன்றாவதாக பாஸ்கல் துண்டோடு வந்து உட்கார்ந்ததும் சிரிப்பு வெடித்தது.

"இவருக்குமா?"

"ஊசி எனக்கும்தான போட்டாங்க?" என்றார் பாஸ்கல், மஞ்சள் தண்ணீர் ஒழுக ஒழுக. "கூடி வந்த அம்மை, கூடித்தான் போகணும்."

அப்போதுதான் கூட்டத்தில் ஒருத்தி சொன்னாள்: "அப்ப அந்த ஊசி போட்டா புள்ளி இல்லாமலே அம்மை வந்துட்டுப் போயிருமா?" பேபி அக்கா தலையை ஆட்டினாள். "அப்படித்தான் தெரியுது. புள்ளி இல்லாத அம்மை." எனக்கு நாக்கு துறுதுறுத்தது, திருத்தப் போனேன். யோசித்துப் பார்த்தால் அவர்கள் சொன்னதில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை. நான் ஒரு மணி நேரம் நடத்திப் புரியாதது மூன்று வார்த்தையில் முடிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே சிஸ்டர் மெட்டில்டா போனில் கூப்பிட்டார். "தண்ணி ஊத்தியாச்சாமே? இனி யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. நாளைக்கு அனிஷாவை அனுப்பு." எமில்டா போனை வைத்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். என் கண்ணாடி கீழே விழுந்தது. விழட்டும், எனக்கும் அவ்வளவு சந்தோஷம்.

அந்த வாரமே அம்மாமார் கூட்டமாகப் பிள்ளைகளோடு பாளை ரோட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். "புள்ளி இல்லாத அம்மை போடணும் சார்" என்று ஒருத்தர் பின் ஒருத்தராகக் கேட்டதில் டாக்டர் திணறிப் போனாராம். பேபி அக்கா மட்டும் போகவில்லை. "ஊசி போட்டுக் காய்ச்சல் கீச்சல் வந்துட்டா புதுநன்மை போயிருமே. அது முடியட்டும், மறுநாளே போடுதேன்" என்றாள். எமில்டா இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். அக்கா கேட்கவில்லை.

மே கடைசி ஞாயிறுக்கு நாலு நாள் முன்னால் ஜெப்ஸிக்குக் காய்ச்சல் அடித்தது. மறுநாள் நெஞ்சில் புள்ளி. எதிர் வீட்டு நிலையில் வேப்பிலை ஏறியது. வகுப்பில் ஊசி போடாமல் விட்ட இன்னும் மூன்று பிள்ளைகளும் படுத்துவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வெள்ளையாக நிறைந்திருந்தது. மற்ற பிள்ளைகள் இரண்டிரண்டாக வர, அனிஷா நடுவில் தனியாக நடந்து வந்தாள். எமில்டா ஆசைப்பட்ட நாள். கவுன் அவ்வளவு அழகு, கழுத்து அவ்வளவு நேர்த்தி. ஆனாலும் மகள் பக்கத்தில் இருந்த காலி இடத்தையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரியாணியில் ஒரு வாய்கூட அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

சாப்பாடு முடிந்ததும் எழுந்து, ஒரு தூக்குச் சட்டியோடு நேரே எதிர் வீட்டுக்கு நடந்தாள். எனக்கும் சின்ன வயதிலேயே அம்மை வந்துபோனது, நானும் பின்னால் போனேன். கூடவே ஓடி வந்த அனிஷாவை எமில்டா வாசலிலேயே நிறுத்தினாள். பேபி அக்கா கதவைத் திறந்தாள், கண் வீங்கியிருந்தது.

"வராத எமில்டா. வேப்பிலை கட்டியிருக்கு, தெரியலயா?"

"தெரியுது. உள்ள ஒரு பிள்ளை கெடக்குன்னும் தெரியுதுல்லா" என்று சொல்லி எமில்டா உள்ளே போய்விட்டாள்.

அக்கா நிலையைப் பிடித்தபடி அழுதாள். "ஒன் பிள்ளையை வரக்கூடாதுன்னு சொன்னதே நாந்தாம்ளா" என்றாள். "அழுகையெல்லாம் பொறவு வச்சுக்கிடலாம். முதல்ல ஒரு வாய் சாப்பிடுங்க" என்று எமில்டா அவள் கையில் தூக்குச் சட்டியைத் திணித்தாள். "இதுல தாளிச்சது ஒண்ணும் கெடையாது, பயப்படாதீங்க."

ஜெப்ஸி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். எமில்டா பாய் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, ஒன் கவுன் எங்க வீட்டுலதான் தொங்குது. ஒனக்கு நல்லாகட்டும். நான் ஃபாதர்ட்ட பேசுதேன். நீ தனியா நடக்க மாட்ட."

பேசினாள் என்றால் சும்மா பேசவில்லை. அவள் பேச ஆரம்பித்தால் எதிராளிக்கு ஒரே வழி சம்மதிப்பதுதான். ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிறு, நாலு பிள்ளைகளுக்கும் நன்றாகித் தண்ணீர் ஊற்றிய பிறகு, தனியாக ஒரு பூசை. ஊரில் பாதி வந்தது. பாஸ்கல் தானாகவே முந்தின நாள் போய் இரண்டாவது ஊசியைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டும் இருந்தார்.

கோயில் வாசலில் ஃபாதர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்த வந்தார். நாலு பேருக்கு ஐந்து பேர் நின்றார்கள். அனிஷா அதே கவுனில், அதே பூமுடியோடு, ஜெப்ஸியின் பக்கத்தில்.

"நீ போன மாசமே வாங்கிட்டியேம்மா?" என்றார் ஃபாதர்.

"நான் துணைக்கு வந்தேன், ஃபாதர்."

ஃபாதர் அவள் தலையைத் தடவிவிட்டு முன்னால் போனார். எமில்டா என் பக்கத்தில் நின்று சத்தமாகவே அழுதாள், நானும் அழுதேன். பேபி அக்கா இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டு அழுதாள். நடக்கும்போது கைகளை நெஞ்சோடு குவித்து வைக்க வேண்டும் என்று வகுப்பில் சிஸ்டர் மெட்டில்டா நூறு தடவை சொல்லியிருக்கிறார். அந்த இரண்டும் பீடம் வரைக்கும் கையைக் கோர்த்துக்கொண்டே போயின, சிஸ்டர் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.